சீஆனில் குடும்பத்தோடு ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவுக்குப் போகிறோம், சீஆனில் ஒரு நாள் கிடைக்கிறது, கைடு வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறோம், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? உறவினர்கள், அலுவலகத்தில் பழகியவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று இந்தப் பேச்சு சுற்றிச் சுற்றி என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். தாத்தா பாட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை சேர்ந்து போவதாக வைத்துக்கொண்டுதான் பதில்கள். தனியாகப் பை மாட்டிக்கொண்டு சுற்றுகிறவருக்கு இதில் பாதி தேவைப்படாது.

சீஆன் எங்க இருக்கு? பெய்ஜிங், ஷாங்காய் போதாதா?

ஷான்ஷி மாகாணத்தின் தலைநகர். பெய்ஜிங்கிலிருந்து தென்மேற்கே இருக்கிறது. அதிவேக ரயிலில் ஏறினால் வழியில் எத்தனை நிலையங்களில் நிற்கிறது என்பதைப் பொறுத்து நாலேகால் மணி முதல் ஆறு மணி நேரம் வரை ஆகும்.

பெய்ஜிங்கில் நாம் பார்க்கும் அரண்மனை, கோயில் எல்லாம் பெரும்பாலும் மிங், சிங் காலத்தவை. சீஆன் அதற்கெல்லாம் மூத்தது. சாங்ஆன் என்ற பெயரில் ஹான், டாங் அரசமரபுகளுக்குத் தலைநகராக இருந்த இடம். பட்டுப்பாதையின் கிழக்கு முனையும் இதுதான். கி.மு. 221-இல் சீனாவை முதன்முதலாக ஒரே அரசாக்கிய சின் ஷி ஹுவாங்கின் தலைநகர் சியான்யாங் பக்கத்திலேயே இருந்தது. இன்றைய விமான நிலையத்துக்கு அந்தப் பெயர்தான். பிள்ளைகளுக்கு வரலாற்றைக் கண்ணால் காட்ட வேண்டும் என்றால் ஷாங்காயில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு இங்கே வரலாம் என்பேன்.

ஒரே நாள்ல எல்லாத்தையும் பார்த்துடலாமா?

முடியாது. ஏஜென்சிகள் அனுப்பும் பட்டியலில் சுடுமண் வீரர்கள் (சின் ஷி ஹுவாங்கின் சமாதிக்குக் காவலாகப் புதைத்த களிமண் படை), ஹுவாச்சிங் அரண்மனை, பெரிய காட்டுவாத்து பகோடா (பௌத்த அடுக்குக் கோபுரம்), கோட்டைச் சுவர், மணிக்கூண்டு, முஸ்லிம் தெரு, டாங் காலத்து நடனம் என்று ஏழெட்டு இருக்கும். எல்லா இடத்துக்கும் வண்டி போகத்தான் செய்யும். வாசலில் இறங்கி, படம் எடுத்து, திரும்ப ஏறுவதற்குள் இருட்டிவிடும்.

நான் சொல்வது இதுதான். காலையில் சுடுமண் வீரர்கள். மதியம் ஓட்டலுக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் ஓய்வு. சாயங்காலம் கோட்டைச் சுவர் அல்லது பகோடா, இரண்டில் ஒன்று. இரவுச் சாப்பாட்டுக்கு முஸ்லிம் தெரு. ஹுவாச்சிங்கை விட்டுவிடுங்கள். வெந்நீர் ஊற்று, டாங் பேரரசரின் காதலி யாங் குய்ஃபேயின் கதை, 1936-இல் அப்போதைய சீனத் தலைவர் சியாங் கை-ஷேக் அங்கே சிறைபிடிக்கப்பட்டது என்று சொல்லக் கதை நிறைய உண்டு. ஆனால் அந்த வரலாறு முன்பே தெரியாமல் போனால் குளமும் மண்டபமும்தான் கண்ணில் படும்.

விசா வேணுமா?

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றால் புறப்படும் முன்பே விசா வாங்க வேண்டும். சீனா பல நாட்டவருக்குக் கொடுக்கும் 240 மணி நேர விசா இல்லாத இடைத்தங்கல் பட்டியலில் இந்தியா இல்லை. சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமலே சுற்றிவிட்டு வரலாம். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் போடும் முன் தூதரகத் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

எந்த மாசம் நல்லா இருக்கும்? எங்களுக்கு மே லீவுதான் வசதி.

ஏப்ரல், மே, செப்டம்பர் பிற்பாதி, அக்டோபர் பிற்பாதி நன்றாக இருக்கும். ஜூலையில் வெயில் 40 டிகிரியை நெருங்கும்; சென்னைக்காரர்களும் திணறுவார்கள். டிசம்பர், ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். சுடுமண் வீரர்கள் இருக்கும் கண்காட்சிக் கூடங்கள் பெரிய கொட்டகை போன்றவை, உள்ளேயும் குளிரும்.

மே லீவு சரிதான், ஆனால் மே 1-ஐ ஒட்டிய விடுமுறை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அக்டோபர் 1 முதல் வரும் தேசிய விடுமுறை வாரம் இன்னும் மோசம். அப்போது மொத்தச் சீனாவும் ஊர் சுற்றக் கிளம்பியிருக்கும். முதல் கூடத்தின் கம்பி ஓரத்துக்குப் போவதற்கே நெரிசலில் மல்லுக்கட்ட வேண்டும்.

கைடு கண்டிப்பா வேணுமா? ஆடியோ கருவி வாடகைக்குக் கிடைக்குமாமே?

சுடுமண் வீரர்களுக்கு வேண்டும். மற்ற இடங்களுக்கு இல்லாமலும் சமாளிக்கலாம். வீரர்கள் இருக்கும் கூடங்களில் விளக்கப் பலகைகள் குறைவு, இருப்பவையும் சுருக்கம். உயரத்தில் நின்று பள்ளத்தைப் பார்க்கிறோம். யார் அதிகாரி, யார் வில்லாளி, ஏன் சிலருக்குத் தலை இல்லை, ஏன் அந்தப் பக்கம் வெறும் மண் என்பதையெல்லாம் ஒருவர் கைகாட்டிச் சொன்னால்தான் விளங்கும். ஆடியோ கருவி தகவல் தரும். ஆனால் எட்டு வயதுப் பையன் "அந்தக் குதிரைக்கு ஏன் வால் முடிஞ்சிருக்கு?" என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்லத் தெரியாது.

அதனால் அரை நாள் கைடு போதும். ஓட்டலில் ஏற்றி, மதியம் திரும்பக் கொண்டுவந்து விடும் வரை வைத்துக்கொண்டு, சாயங்காலம் நாமாக நடக்கலாம். முழு நாளும் கைடு கூடவே இருந்தால் யாராவது ஒருவர் "சீக்கிரம் வாங்க, அவங்க காத்திருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பாட்டிக்குக் கல் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்காரும் சுதந்திரமும் போய்விடும்.

கைடை எப்படிப் பிடிக்கிறது? என்னென்ன பேசி வெச்சுக்கணும்?

ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஆன்லைனில் பேசிவிடுங்கள். ஆங்கிலம் பேசும் கைடு எளிதாகக் கிடைப்பார், தமிழை எதிர்பார்க்க வேண்டாம். சீனாவில் கைடுகளுக்கு அரசு உரிமம் உண்டு. அந்த அட்டையைக் காட்டச் சொல்வது அவமரியாதை இல்லை. அருங்காட்சியக வாசலிலும் கைடு கிடைப்பார்கள், ஆனால் வாசலில் வந்து கையைப் பிடித்து இழுப்பவரிடம் போகாதீர்கள்.

பேச வேண்டியவை: சொல்லும் தொகையில் கைடு கூலி, வண்டி, நுழைவுச்சீட்டு, மதியச் சாப்பாடு இவற்றில் எது அடங்கும், எது அடங்காது. நம் குடும்பம் மட்டும்தானா, வேறு ஆட்களும் சேர்வார்களா. வண்டியில் எத்தனை இருக்கை, பெட்டி வைக்க இடம் இருக்கிறதா. முக்கியமாக, எந்தக் கடையிலும் நிறுத்தக் கூடாது என்பது. இந்தக் கடைசி விஷயத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காரணத்துக்குக் கீழே வருகிறேன்.

டிக்கெட்டை அங்க போய் வாங்கிக்கலாம் இல்ல?

அந்த நினைப்பே வேண்டாம். சுடுமண் வீரர்கள் அருங்காட்சியகத்துக்கு முன்பதிவு வேண்டும், அதுவும் பாஸ்போர்ட் எண்ணோடு. பெரியவருக்கு 120 யுவான். குழந்தைக்குச் சலுகையோ இலவசமோ இருந்தாலும் அதன் பெயரிலும் பதிவு செய்துதான் ஆக வேண்டும். முன்பதிவுப் பக்கம் வெளிநாட்டவருக்கு அவ்வளவு வசதியாக இருக்காது. கைடு பேசியிருந்தால் அவரிடமே எண்களைக் கொடுத்துவிடுங்கள், அதுவும் அவர் வேலைதான்.

அன்றைக்கு எல்லாருடைய அசல் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். நகல் செல்லாது, ஓட்டல் லாக்கரில் பத்திரமாக இருக்கிறது என்பதும் செல்லாது. பெயரில் முதலெழுத்து, அப்பா பெயர் குழப்பம் நமக்கு எப்போதும் உண்டு. பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே பதிவாகியிருக்கிறதா என்று முந்தைய நாளே பார்த்துவிடுங்கள்.

கைடு இல்லாம நாங்களே போறதா இருந்தா எப்படிப் போறது?

நகரத்திலிருந்து கிழக்கே லின்டோங் பக்கம், ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மெட்ரோ 9-ஆம் பாதையில் ஹுவாச்சிங்ச்சி நிலையம் வரை போய், அங்கிருந்து பேருந்து. சீஆன் ரயில் நிலையம் அருகிலிருந்து நேர்ப் பேருந்தும் உண்டு. "நானும் அங்கேதான் போகிறேன், ஏறுங்கள்" என்று அழைக்கும் தனியார் வண்டிகளில் ஏறாதீர்கள். போலி சிலைகளை அடுக்கி வைத்த வேறொரு காட்சிக்கூடத்தில் இறக்கிவிட்ட கதைகள் இந்த ஊரில் நிறைய.

மூன்று தலைமுறை என்றால் கார்தான் சரி. காலை 8:30-க்கு வாசல் திறக்கும்போது அங்கே நிற்கிற மாதிரி கிளம்புங்கள். பத்து மணிக்குப் பிறகு பேருந்து பேருந்தாகக் குழுக்கள் வந்து இறங்கும்.

சுடுமண் வீரர்களை எந்த வரிசையில பார்க்கணும்?

மூன்று கூடங்கள். சிறியதிலிருந்து பெரியதற்குப் போனால்தான் பிரமிப்பு கூடும் என்று 3, 2, 1 என அழைத்துப் போகும் கைடுகள் உண்டு. வாதம் சரிதான், ஆனால் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது ஒத்துவராது. முதல் ஒரு மணி நேரம்தான் அவர்களுக்குத் தெம்பும் ஆர்வமும் இருக்கும். அதை 1-ஆம் கூடத்துக்குக் கொடுங்கள். கூட்டமும் அப்போது குறைவு.

1-ஆம் கூடம் 230 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம். தூணே இல்லாத வளைகூரைக்குக் கீழே ஆளுயரச் சிலைகள் வரிசை வரிசையாகக் கிழக்கு நோக்கி நிற்கின்றன. இந்தக் குழியில் மட்டும் ஏறக்குறைய 6,000 உருவங்கள் இருப்பதாகக் கணக்கு. பெரும்பகுதி இன்னும் மண்ணுக்குள்தான். வாசலில் எல்லாரும் முட்டி மோதிப் படம் எடுப்பார்கள். அங்கே நேரத்தைச் செலவிடாமல் பக்கவாட்டு நடைபாதையில் பின்பக்கம் போங்கள். உடைந்த துண்டுகளை ஒட்டும் பகுதி அங்கே இருக்கிறது. பாதி ஒட்டப்பட்ட வீரர்கள் எண் கட்டிய சீட்டோடு நிற்பதைப் பார்த்தால்தான் முன்னால் நிற்கிற வரிசைக்குப் பின்னே எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று தெரியும். எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

2-ஆம் கூடத்தில் பள்ளத்தைவிடக் கண்ணாடிப் பெட்டிகள் முக்கியம். மண்டியிட்ட வில்லாளி, தளபதி, குதிரையோடு நிற்கும் வீரன் எல்லாரையும் ஒரு கை தூரத்தில் பார்க்கலாம். வில்லாளியின் செருப்பு அடிப்பாகத்தில் வழுக்காமல் இருக்கப் போட்ட புள்ளிகளைக்கூடக் களிமண்ணில் குத்தியிருக்கிறார்கள். பிள்ளைகளைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். 3-ஆம் கூடம் சிறியது, 68 உருவங்களும் ஒரு தேரும் இருக்கும் தலைமையிடம். கால் மணி நேரம் போதும். கால் தெம்பு மிச்சமிருந்தால் அதே டிக்கெட்டில் இலவசப் பேருந்து ஏறி லிஷான் தோட்டத்துக்குப் போய் வெண்கலத் தேர்களையும் பார்க்கலாம். 1980-இல் கிடைத்தவை, நிஜத் தேரில் பாதி அளவு. குடைக்கம்பு முதல் கடிவாளம் வரை அத்தனை நுணுக்கம்.

அதெல்லாம் நிஜமான பழசா, இல்ல புதுசா செஞ்சு வெச்சதா?

பள்ளத்தில் நிற்பவை நிஜம்தான். 1974 மார்ச்சில் விவசாயிகள் கிணறு தோண்டும்போது வெளிப்பட்டவை. ஆனால் முழுசாகக் கிடைத்தவை என்று நினைக்காதீர்கள். மேலே போட்டிருந்த மரக்கூரை தீயில் எரிந்தும் இடிந்தும் விழுந்ததில் ஏறக்குறைய எல்லாமே நொறுங்கிப்போயின. இன்று நிற்கிற ஒவ்வொருவரும் துண்டு துண்டாகச் சேர்த்து ஒட்டப்பட்டவர்.

மண் நிறமாக இருப்பதும் அசல் இல்லை. சிவப்பு, பச்சை, நீலம், ஊதா என்று வண்ணம் பூசித்தான் நிறுத்தியிருந்தார்கள். ஈரமண்ணில் இரண்டாயிரம் ஆண்டு இருந்துவிட்டு வெளிக்காற்று பட்டதும், வண்ணத்துக்கு அடியில் இருந்த அரக்குப் பூச்சு சில நிமிடங்களில் சுருண்டு உதிர்ந்துவிட்டது. மீதியை அவசரப்பட்டுத் தோண்டாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்போ பேரரசரோட சமாதியையும் அதனாலதான் தோண்டலையா?

பெரும்பாலும் அதேதான். சமாதி மேடு இந்தக் குழிகளிலிருந்து மேற்கே ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கிறது. இந்தப் படை அதற்குக் காவல். சின் ஷி ஹுவாங் 13 வயதில் சின் நாட்டு அரியணை ஏறியதுமே சமாதி வேலை தொடங்கியதாகவும், உள்ளே பாதரசத்தில் ஆறுகளும் கடலும் ஓடவிட்டதாகவும் ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதியிருக்கிறார். வெறும் கதை என்று தள்ளிவிட முடியவில்லை. மேட்டு மண்ணைச் சோதித்தபோது பாதரச அளவு வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது.

வெளியில் நின்று பார்த்தால் மரம் முளைத்த ஒரு குன்றுதான். இவ்வளவு சொல்லிக் கூட்டிப்போனால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கைடு சொல்றதெல்லாம் நம்பலாமா?

முக்கால்வாசி நம்பலாம். மீதி, சுவைக்காகச் சேர்ப்பது. "ஒவ்வொரு முகமும் நிஜமான ஒரு வீரனைப் பார்த்துச் செய்தது" என்பார்கள். கால், உடல், கை, தலை எல்லாம் தனித்தனியாகச் செய்து பொருத்தியவை. முகங்களுக்கு அடிப்படை அச்சுகள் இருந்தன. அதன்மேல் மீசை, புருவம், காது, கொண்டை எல்லாம் கையால் சேர்த்து வேறுபடுத்தினார்கள். செய்த பட்டறைக்காரரின் பெயரைச் சிலையிலேயே பொறித்திருக்கிறார்கள், குறை இருந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே! எனக்கு அந்தத் தகவல்தான் முகக் கதையைவிடப் பிடிக்கும்.

இன்னொன்று, வாள்கள் துருப்பிடிக்காமல் இருக்க அந்தக் காலத்திலேயே குரோமியம் பூசினார்கள் என்ற கதை. பல ஆண்டுகள் புத்தகங்களிலும் இருந்தது. 2019-இல் வெளியான ஆய்வு அந்தக் குரோமியம் பக்கத்தில் இருந்த அரக்கிலிருந்து ஒட்டியது என்றும், வெண்கலம் கெடாமல் இருந்ததற்கு அந்த மண்ணின் தன்மையும் உலோகக் கலவையும்தான் காரணமாக இருக்க வேண்டும் என்றும் காட்டிவிட்டது. கைடு சொன்னால் மறுத்துப் பேசி அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். வண்டியில் திரும்பும்போது பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு முட்டி வலி. அவ்வளவு நடக்க முடியுமா?

கார் நிற்கும் இடத்திலிருந்து கூடங்கள் வரை கணிசமான தூரம். மின்வண்டி ஓடும், சின்னக் கட்டணம், கொடுத்துவிடுங்கள். கூடங்களுக்குள் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் பார்க்க வேண்டும், உட்கார இடம் குறைவு. சக்கர நாற்காலி தேவைப்பட்டால் கைடிடம் முந்தைய நாளே சொல்லி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

மதிய ஓய்வை நான் வலியுறுத்துவது இதற்காகத்தான். கழிப்பறைகளில் குந்தி உட்காரும் வகை அதிகம். மேற்கத்திய வகை எங்கே இருக்கிறது என்று கைடிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டிஷ்யூ நாமே கொண்டுபோக வேண்டும். குடிக்க எங்கேயும் வெந்நீர் கிடைக்கும், பெரியவர்களுக்கு அது ஒரு வசதி. ஒரு ஃபிளாஸ்க் போதும்.

மதியம் ஏதோ கடைக்குக் கூட்டிட்டுப் போய் வாங்கச் சொல்வாங்களாமே?

ஆமாம். "சிலை செய்யும் தொழிற்சாலை", பச்சைக்கல் (ஜேட்) கடை, பட்டுக் கடை. விலை மலிவான சுற்றுலா என்றால் இது கட்டாயம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் வாங்குவதில் கைடுக்கும் ஓட்டுநருக்கும் பங்கு. 2013-இல் வந்த சீனாவின் சுற்றுலாச் சட்டம், நியாயமில்லாத குறைந்த விலை காட்டி ஆள் சேர்த்துக் கடைகளில் கமிஷன் பார்ப்பதைத் தடை செய்கிறது. சட்டம் இருந்தாலும் பழக்கம் போய்விடவில்லை. கடை வேண்டாம் என்று எழுத்தில் வாங்கச் சொன்னது இதனால்தான்.

களிமண்ணைப் பிசைந்து பிள்ளைகளே ஒரு வீரனைச் செய்யும் பட்டறை சில இடங்களில் உண்டு. அது வேறு, நன்றாகவே இருக்கும். போவதானால் நீங்களாகக் கேட்டு, நேரமும் கட்டணமும் பேசிப் போங்கள்.

நாங்க சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லை. ஆனால் "சைவம்" என்று சொன்னாலும் எலும்புச் சாறு ஊற்றிய நூடுல்ஸ் வந்து நிற்கும்; மேலே கறி இல்லையே என்பது அவர்கள் கணக்கு. "வோ ச்சி சூ" என்று சொல்லுங்கள், பௌத்த முறைச் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். அதோடு கறி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம் என்று கைடிடம் சீன எழுத்தில் எழுதி வாங்கிக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். கைடு கொடுக்கும் உதவிகளிலேயே பெரியது இதுதான்.

இந்த ஊரில் நம் நாக்குக்கு ஒத்துப்போவது லியாங்பி. கோதுமை மாவுச்சத்திலோ அரிசியிலோ செய்த குளிர்ந்த பட்டைகள், வெள்ளரிக்காய், வினிகர், மிளகாய் எண்ணெய். உறைப்பும் புளிப்புமாக இருக்கும். பிறகு பியாங்பியாங் நூடுல்ஸ்: இடுப்பு வார் அகலத்துக்கு ஒரே பட்டை, மிளகாய்ப் பொடியும் பூண்டும் போட்டுக் கொதிக்கும் எண்ணெயை மேலே ஊற்றுவார்கள். கறி இல்லாமல் கேளுங்கள். சீன இலந்தைப்பழம் வைத்து அவித்த ஒட்டரிசிப் பலகாரம், பெர்சிமன் பழத்தில் செய்த இனிப்பு அடை, லின்டோங் மாதுளைச் சாறு என்று தெருவிலேயே நிறைய உண்டு. அடை பொரித்த எண்ணெய் எது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். காலைக்கு ஊறுகாய், பொடி, ரெடிமேட் உப்புமா கையில் இருந்தால் பாட்டிகள் நிம்மதியாக இருப்பார்கள்.

நாங்க ஹலால் மட்டும்தான் சாப்பிடுவோம். கிடைக்குமா?

சீனாவிலேயே உங்களுக்குச் சுலபமான ஊர்களில் இது ஒன்று. முரசுக் கூண்டுக்குப் பின்னால் இருக்கும் முஸ்லிம் தெருவும் அதைச் சுற்றிய சந்துகளும் ஹுய் முஸ்லிம்கள் தலைமுறைகளாக வாழும் இடம். பன்றி இறைச்சி அங்கே கிடையாது. ஆட்டுக்கறிச் சாற்றில் ரொட்டியைப் பிய்த்துப்போட்டு உண்ணும் பாவ்மோ பிரபலம். ரொட்டியை நாமே பொடியாகப் பிய்த்துக் கொடுக்க வேண்டும், பிறகுதான் சாறு ஊற்றித் தருவார்கள். பிள்ளைகளுக்கு நல்ல வேலை.

அதே சந்துகளுக்குள் பெரிய பள்ளிவாசல். தொடக்கம் கி.பி. 742 என்பது மரபு. இன்றைய கட்டடங்கள் மிங் காலத்திலிருந்து வந்தவை. கும்மட்டமும் உயர்ந்த மினாராவும் இல்லாமல், சீனக் கோயில் போல முற்றத்துக்குப் பின் முற்றமாக விரியும். தொழுகைக் கூடத்துக்குள் முஸ்லிம்கள் மட்டுமே போகலாம், முற்றங்களில் எல்லாரும் உலாவலாம். வெளியே அவ்வளவு இரைச்சல், உள்ளே அவ்வளவு அமைதி.

கோட்டைச் சுவர் மேல சைக்கிள் ஓட்டலாமாமே? சுத்தி வர முடியுமா?

ஓட்டலாம். 1370-களில் மிங் அரசு கட்டிய சுவர். 12 மீட்டர் உயரம், மேலே 12 முதல் 14 மீட்டர் அகலம், சுற்றளவு 13.7 கிலோமீட்டர். நுழைவு 54 யுவான், சைக்கிள் வாடகை தனி. பெரியவர்கள் நிதானமாக ஓட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் சுற்றிவிடலாம். ஆனால் தரை பழைய செங்கல். குலுங்கும். சின்னப் பிள்ளைகளுக்குத் தனி சைக்கிள் தர மாட்டார்கள், அதனால் இருவர் ஓட்டும் சைக்கிளைக் கேளுங்கள்.

குடும்பத்தோடு முழுச் சுற்று வேண்டாம். தெற்கு வாசலில் ஏறி, ஒரு பக்கமாக அரை மணி நேரம் போய்த் திரும்புங்கள். தாத்தா பாட்டி வாசல் மாடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். வெயில் தாழ்ந்து ஏறினால் இறங்கும்போது விளக்குகள் எரியும். மேலே நிழலே கிடையாது, மதியத்தில் ஏறுவது தண்டனை.

யுவான் சுவாங் காஞ்சிபுரம் வந்தாருன்னு படிச்சிருக்கோமே, அவர் ஊர் இதுதானா?

பிறந்தது வேறு ஊர். ஆனால் புறப்பட்டது இந்த ஊரிலிருந்துதான், திரும்பி வந்ததும் இங்கேதான். இந்தியாவெல்லாம் சுற்றி, நாலந்தாவில் படித்து, 645-இல் 657 நூல்களோடு சாங்ஆனுக்குத் திரும்பினார். அவற்றைப் பாதுகாக்க 652-இல் எழுப்பியதுதான் பெரிய காட்டுவாத்து பகோடா. முதலில் ஐந்து அடுக்கு, இப்போது ஏழு, உயரம் ஏறக்குறைய 64 மீட்டர். அது நிற்கும் டா ட்சிஎன் கோயிலில்தான் அவர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். வெளியே தெற்குச் சதுக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது.

பல்லவர் காலத்துக் காஞ்சிக்கு அவர் வந்தார். திராவிட நாட்டின் தலைநகர் என்று எழுதியிருக்கிறார். இலங்கைக்குக் கப்பலேற நினைத்திருந்தவர், அங்கே பஞ்சமும் குழப்பமும் என்று அங்கிருந்து தப்பி வந்த பிக்குகள் சொன்னதைக் கேட்டுப் பயணத்தை விட்டுவிட்டார். தர்மபாலர் பிறந்த ஊர் காஞ்சி என்பதும் அவர் குறிப்பில் உண்டு. அந்தத் தர்மபாலரின் சீடர் சீலபத்திரர்தான் நாலந்தாவில் யுவான் சுவாங்குக்கு ஆசிரியர். ஆக, காஞ்சிபுரத்துக்காரர் ஒருவரின் சிந்தனை சீனமொழிக்குப் போன இடம் இந்தக் கோயில். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கூட்டிப்போனால் கட்டடம் வேறு மாதிரி தெரியும். சுவரா, பகோடாவா என்று கேட்டால், விளையாட்டுப் பிள்ளைகளுக்குச் சுவர், படிக்கும் பிள்ளைகளுக்குப் பகோடா. உச்சி வரை ஏறத் தனிச் சீட்டு, படிதான், லிஃப்ட் இல்லை.

பணம் எப்படிக் கொடுக்கிறது? வாட்ஸ்அப் வேலை செய்யாதாமே?

ஊரிலேயே அலிபே, வீசாட் என்ற சீனக் கைபேசிச் செயலிகளை நிறுவி, வெளிநாட்டில் செல்லும் விசா அல்லது மாஸ்டர் கார்டை இணைத்துவிடுங்கள். 200 யுவான் வரையிலான ஒவ்வொரு செலவுக்கும் கூடுதல் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 3 சதவீதம். யுபிஐயை நம்பிப் போகாதீர்கள். கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும், சில்லறை நோட்டுகளாக.

வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் எல்லாம் உள்ளூர் வைஃபையில் திறக்காது. நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டால் பொதுவாக வேலை செய்யும். குடும்பத்தில் ஒருவராவது ரோமிங் போட்டுக்கொண்டால் போதும். கைடோடு பேச வீசாட்தான்.

கைடுக்கு டிப்ஸ் கொடுக்கணுமா?

சீனாவில் ஓட்டலிலும் டாக்சியிலும் டிப்ஸ் வழக்கம் இல்லை. வெளிநாட்டவரை அழைத்துப் போகும் தனிக் கைடும் ஓட்டுநரும் மட்டும் எதிர்பார்ப்பது உண்டு. கட்டாயம் இல்லை, பிடித்திருந்தால் கொடுங்கள். ஒரு கைடு பாட்டியின் கையைப் பிடித்து எல்லாப் படிகளிலும் ஏற்றி இறக்கினால் அதற்கு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

இன்னும் அரை நாள் கிடைச்சா எங்க போகலாம்?

ஷான்ஷி வரலாற்று அருங்காட்சியகம் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் முன்பதிவு கிடைப்பது கடினம், திங்கட்கிழமை விடுமுறை. கிடைக்காவிட்டால் கவலைப்படாமல் சின்ன காட்டுவாத்து பகோடாவுக்குப் போங்கள். மர நிழல், கூட்டம் குறைவு, அதே வளாகத்தில் சீஆன் அருங்காட்சியகம். கல்வெட்டுகளில் ஆர்வம் இருப்பவர்களுக்குத் தெற்கு வாசலருகே பெய்லின் கல்வெட்டுக் காடு. கிறித்தவம் சீனாவுக்கு வந்ததைச் சொல்லும் கி.பி. 781-ஆம் ஆண்டுக் கல் அங்கேதான் இருக்கிறது.

மதியத்துக்கு மேல் விமானம் என்றால் இன்னொரு வழி. விமான நிலையம் போகும் பக்கத்தில் ஹான் யாங்லிங் இருக்கிறது. ஹான் பேரரசர் ஜிங்கின் சமாதி. பூமிக்கடியில் கண்ணாடித் தரைமேல் நடந்தபடி காலுக்குக் கீழே குழிகளைப் பார்க்கலாம். அங்கே வீரர்கள் ஆளுயரம் இல்லை, நிஜத்தில் மூன்றில் ஒரு பங்குதான். மரத்தில் செய்த கைகளும் துணி ஆடையும் மக்கிப் போனதால் கையில்லாமல், உடையில்லாமல் நிற்பார்கள். கூடவே களிமண் ஆடு, மாடு, பன்றி, நாய், கோழி என்று ஒரு பண்ணையே உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு முந்தைய நாள் பார்த்த பெரிய படையைவிட இதுதான் பிடிக்கும். பெட்டிகளை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போகலாம், ஆனால் பாஸ்போர்ட்டுகளைப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள், நுழைவுச்சீட்டுக்குக் கேட்பார்கள்.